சாம்பல் நிறச் சட்டையும் மாற்றுச் சீருடை விதியும்: ஒரு சந்தேகம்

வலதுவிங் கேட்டது:
1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், வெள்ளைச் சட்டைக்குப் பேர்போன இங்கிலாந்து அணி தன் சொந்த வெம்பிளி மைதானத்திலேயே சிவப்பில் நிற்பது எனக்கு விநோதமாகப் படும். மேற்கு ஜெர்மனியும் வெள்ளை என்பதால் யாராவது ஒருவர் மாறியாக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் மாற வேண்டியவர் யார் என்ற வழக்கம் லீக் ஆட்டங்களில் எப்படி உருவானது? கூடவே இன்னொன்று: 1996-இல் மான்செஸ்டர் யுனைடெட் இடைவேளையில் சாம்பல் நிறச் சட்டையை மாற்றியதற்கு அதன் பயிற்சியாளர் ஃபெர்குசன் சொன்ன காரணம் உண்மைதானா, அல்லது வெறும் சாக்கா?

பழையமைதானம்:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் 1888-இல் 12 கழகங்களோடு தொடங்கியது. ஒரே மாதிரியான நிறத்தை இரண்டு கழகங்கள் பதிவு செய்யக் கூடாது என்று 1890-இல் விதி செய்தார்கள். அது நிலைக்கவில்லை, கழகங்கள் பெருகினால் அத்தனை நிறங்களுக்கு எங்கே போவது? ஆகவே ஒவ்வொரு அணியும் வேறு நிறத்தில் இரண்டாவது சட்டையொன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். நிறம் ஒன்றாகிவிட்டால் அக்காலத்தில் சட்டை மாற்றியது உள்ளூர் அணிதான். துணிமணி எல்லாம் உள்ளூர்க்காரர்களிடமே இருக்க, ரயிலில் மூட்டையோடு வந்திறங்குபவர்களை மாற்றச் சொல்வானேன் என்று நினைத்தால் எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது. 1921-இல்தான் அதைத் திருப்பிப்போட்டு, வெளியூர் அணி மாற வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகும் மறதி போகவில்லை. 1997 ஏப்ரலில், உள்ளூர் அணியும் நீலம் அணியும் கோவென்ட்ரிக்கு நீலச் சட்டையோடு மட்டும் வந்திறங்கிய செல்சி அணி, எதிரணியின் சிவப்பு–கறுப்புக் கட்டம் போட்ட வெளியூர்ச் சட்டையையே இரவல் வாங்கி அணிந்து, 1–3 என்று தோற்றுத் திரும்பியது.

டெல்மூலை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1996 ஏப்ரல் 13, சவுத்தாம்ப்டனின் டெல் மைதானம். முதல் பாதி முடிவில் யுனைடெட் 0–3 என்று பின்தங்கியிருந்தது. இடைவேளை முடிந்து வெளியே வந்தபோது சாம்பல் சட்டை போய், நீல–வெள்ளைக் கோடு போட்ட மூன்றாவது சட்டை வந்திருந்தது. யுனைடெட்டின் கிக்ஸ் ஒரு கோல் அடிக்க, ஆட்டம் 1–3 என்று முடிந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் சக வீரரைக் கூட்டத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்பதே ஃபெர்குசன் சொன்ன காரணம். ஆடுகளத்தின் விளிம்பை ஒட்டியே பார்வையாளர் அமர்ந்திருக்கும் அந்தச் சிறிய மைதானத்தை நினைத்தால், நீளமாக உதைத்து அனுப்பும் பந்துக்கு ஆளைத் தேடும் கண்ணுக்கு மங்கிய சாம்பல் தொந்தரவு கொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்தச் சட்டையில் யுனைடெட் ஆடிய ஐந்து லீக் ஆட்டங்களில் நான்கு தோல்வி, ஒரு டிரா.

நடுக்களம்:
ஐந்து ஆட்டங்களை வைத்துக்கொண்டு சட்டையைக் குற்றவாளி ஆக்க முடியாது, நண்பரே. அந்த ஐந்தில் முதலாவது, பருவத்தின் தொடக்கத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 1–3 என்று தோற்றது. அன்று யுனைடெட் இளம் வீரர்களோடு ஆடியதைத்தான் எல்லாரும் பேசினார்கள், சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்ற வெளியூர் ஆட்டங்கள் லிவர்பூல், ஆர்சனல் போன்ற இடங்களில். அங்கே எந்த நிறத்திலும் தோற்கலாம். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1970-களில் விளையாட்டு உடை தயாரிக்கும் அட்மிரல் நிறுவனம் லீட்ஸ் யுனைடெட்டின் சட்டையை ரசிகர்களுக்கு விற்கத் தொடங்கிய பிறகு, மாற்றுச் சீருடை எதிரணியிடமிருந்து வேறுபடுவதற்கு என்பதைவிடக் கடையில் விற்பதற்கு என்றே ஆகிவிட்டது. அந்தச் சாம்பலும் அப்படி வந்ததுதான்.

டெல்மூலை:
ஐந்தும் தற்செயலாகவே இருக்கட்டும். இடைவேளையில் மொத்த அணியும் சட்டை மாற்றுவதென்பது, பயிற்சியாளர் ஒருவர் சும்மா செய்யும் காரியமா?

பச்சைதெரியாதவன்:
எனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருக்கிறது. ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு ஏதோவொரு நிறக்குறைபாடு உண்டு. 2018 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் ரஷ்யா சிவப்பிலும் சவூதி அரேபியா பச்சையிலும் இறங்கியபோது, எனக்கு இருபுறமும் ஒரே பழுப்பு நிறத்தில் ஓடினார்கள். ஐந்து கோல்கள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் யார் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அடித்த அணியைக் கண்டுகொண்டேன். ஒன்று வெளிர், மற்றது அடர் என்று இருந்தால் எனக்குப் போதும். சவூதிக்கு வெள்ளைச் சட்டையும் இருந்தது.