ஆன்டெனாவைத் திருப்பிய கதை: சென்னைத் தொலைக்காட்சி உங்கள் ஊருக்கு எப்போது வந்தது?

திருச்செந்தூரான்:

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரி, சென்னைக்காரர்களுக்குத் தொடங்கியது. எங்கள் பக்கம் டிவி என்றாலே இலங்கை அரசு டிவி ரூபவாகினிதான். 1982 பிப்ரவரியில் அதை ஆரம்பித்தார்கள். கோபுரம் பீதுருதலாகலையில், இலங்கையிலேயே உயரமான மலை, 2,524 மீட்டர். அங்கிருந்து விட்டால் கடலைத் தாண்டி எங்கள் மொட்டைமாடியில் வந்து விழும்.

பெரியப்பா வீட்டில் மரக்கதவு வைத்த கருப்பு வெள்ளை டயனோரா. காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கிற ராத்திரிகளில் படம் பளிச்சென்று வரும். மற்ற நாட்களில் ஈ மொய்க்கும். சிங்கள நாடகம் ஒரு வார்த்தை புரியாது. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள்: “இவதான் மாமியாக்காரி, மூஞ்சியப் பாரு.” பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தமிழ்ச் செய்தி வந்தால் மட்டும் பெரியப்பா எல்லோரையும் வாயை மூடச் சொல்வார். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவர் சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

அப்புறம் 80களின் பின்பாதியில் கொடைக்கானலில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்து, சென்னை நிகழ்ச்சிகள் எங்களுக்கும் கிடைத்தன. நாங்கள் அதைத் தூர்தர்ஷன் என்று சொன்னதே இல்லை, ‘கொடைக்கானல்’தான். தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாவை வடக்கே திருப்ப வேண்டும். பைப் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. அண்ணன் மாடியில், நான் படிக்கட்டில், அத்தை டிவி முன்னால். “வந்துட்டா?” “இல்லெ.” “இப்ப?” “வந்துட்டு… போயிட்டு!” படம் போகும்போதெல்லாம் அண்ணன் மேலேயிருந்து “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்று கத்துவான். அவன் சென்னையில் படித்தவன். அது டிவியில் காட்டும் அட்டை வாசகம் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் நிலைத்து நின்ற முதல் நிகழ்ச்சி ‘வயலும் வாழ்வும்’.

மாம்பலம் மாடிவீடு:

வயலும் வாழ்வுமா! எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் புகையான் தாக்கினால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று வாண்டுகள்கூடச் சொல்லும். வேறு என்ன இருந்தது பார்க்க? வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடும் ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் தெருவே காலியாகிவிடும். டிவி இருந்தது ஒரே வீட்டில். செருப்பு வெளியே குவிந்து கிடக்கும், திரும்பும்போது ஜோடி மாறிப் போகும். அந்த வீட்டு மாமா டிவிக்கு லைசென்ஸ் கட்டத் தபால் ஆபீஸ் போய்வருவதையே எங்களிடம் பெருமையாகச் சொல்வார்.

பட்டை வயர்:

கோவில்பட்டியில் டிவி மெக்கானிக்காக இருந்தேன். திருச்செந்தூரான் அண்ணாச்சிக்கு ஒரு திருத்தம்: திருப்பினால் மட்டும் போதாது. ஆன்டெனா குச்சியின் நீளம் சேனலுக்குச் சேனல் மாறும். ரூபவாகினிக்கு வெட்டியதை அப்படியே திருப்பினால் படம் வரும், ஆனால் புள்ளி இருக்கும். அதனால்தான் கொடைக்கானல் வந்த வருஷம் எனக்குத் தினமும் தீபாவளி. ஒரு நாளைக்கு ஐந்தாறு மாடி ஏறுவேன். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கும் பட்டை வயர் இரும்பு பைப்பில் ஒட்டக்கூடாது, ஒட்டினால் சிக்னல் குறையும். சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி இடையில் செருகுவோம். பூஸ்டர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அது சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும், இதை எந்த வீட்டிலும் நம்பவைக்க முடிந்ததில்லை. காக்கா உட்கார்ந்து குச்சி வளைந்தால் அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பருத்தித்துறையான்:

சிரிப்பாக இருக்கிறது. நீங்கள் எங்கட பக்கம் திருப்பி வைத்திருந்த காலத்தில் நாங்கள் உங்கட பக்கம் திருப்பி வைத்திருந்தனாங்கள்! யாழ்ப்பாணத்தில் அன்ரனா எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை. ரூபவாகினி சும்மாவே வரும், அதை ஆர் பார்த்தது? இந்தியா எடுபட்டால்தான் ரீவி. வெள்ளிக்கிழமை பின்னேரம் முற்றம் நிறையச் சனம். அம்மம்மா பாட்டு முடியுமட்டும் அடுப்பு மூட்டமாட்டா.

1990க்குப் பிறகு மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டனாங்கள். ரீவிக்கு அது காணாது. பெட்டிக்கு மேல் துணி போட்டு மூடினது, பிறகு இடம்பெயரும்போது அப்படியே விட்டுவிட்டு வந்தது.

திருச்செந்தூரான்:

பருத்தித்துறை அண்ணே, ஆச்சி இருந்திருந்தால் உங்கள் அம்மம்மாவைப் பற்றி நூறு கேள்வி கேட்டிருப்பாள். எங்கள் ஊர்ப்பக்கத்து மலையின் பெயரைத்தான் பிற்பாடு அந்த அலைவரிசைக்கே வைத்தார்கள், பொதிகை என்று. 2024 ஜனவரியில் அதுவும் டிடி தமிழ் ஆகிவிட்டது.

பட்டை வயர் அண்ணாச்சி, அப்போது புள்ளி வந்தது உண்மைதான். நாங்கள் கொடைக்கானல் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சரி, ஒரு சந்தேகம்: எங்கள் ஆன்டெனாவில் பதினொரு குச்சி என்று நான் சொல்கிறேன், அண்ணன் பதிமூன்று என்கிறான். பைப் மட்டும்தான் இப்போது மாடியில் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் எத்தனை குச்சி போடுவீர்கள்?