நீள்வாசிப்பு டிஎன்ஏ வரிசை: உங்களுக்குக் கைகொடுத்ததா, காலைவாரியதா?

மஞ்சள் மாணவி, கோவை:
நீள்வாசிப்பு, அதாவது டிஎன்ஏவை நீண்ட நீண்ட துண்டுகளாகப் படிக்கும் முறை, என்றாலே எல்லோரும் எந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களைப் பாடாய்ப்படுத்தியது ஈரோட்டு மஞ்சள் கிழங்கு. மாவுச்சத்தும் பீனால்களும் டிஎன்ஏவை விடாமல் ஒட்டிக்கொண்டு வரும். ஆல்கஹால் ஊற்றினால் வெண்ணிற நூலாகத் திரள வேண்டியது, பழுப்பேறிய சளியாய்க் குழாயின் அடியில் கிடந்தது. அதை நுண்துளை வழியே டிஎன்ஏவைச் செலுத்திப் படிக்கும் நானோபோர் கருவியில் ஏற்றினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். கடைசியில், மாவுச்சத்து குறையட்டும் என்று செடியைக் கறுப்புத் துணியால் மூடிவைத்து, வெளிறிய குருத்திலையை எடுத்தோம். “கிழங்கை விட்டுவிட்டுக் குருத்தைக் கேட்கிறீர்களே, அம்மிணி!” என்று தோட்டக்காரர் சிரித்தார். பிப்பெட்டின் நுனியையும் வெட்டி அகலமாக்கித்தான் உறிஞ்சினோம். வேகமாக இழுத்தால் இழை அறுந்துவிடும். அறுந்த இழையிலிருந்து எந்தக் கருவியாலும் நீளமான வாசிப்பைத் தர முடியாது.

பட்ட பாட்டுக்குப் பலன் இருந்தது. மஞ்சள் மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று; மொத்தம் 63 குரோமோசோம்கள். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் இடங்களும் ஏராளம். வழக்கமான குறுவாசிப்பு தரும் 150 எழுத்துத் துண்டை அங்கே எந்த இடத்தில் பொருத்துவது? பல்லாயிரம் எழுத்து நீளும் வாசிப்பு அந்த இடத்தை ஒரே வீச்சில் கடந்துவிடுகிறது. மனித மரபுத்தொகுதியில் 2003-இல் விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதம் 2022-இல் நிரம்பியதும் இதனால்தான்.

நரம்பியல் மருத்துவர், திருப்பூர்:
நடை தள்ளாடும் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். புரதத்துக்குக் குறியீடு தரும் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் சோதனையின் அறிக்கையில் ஒன்றுமில்லை; கையிருப்பு மட்டும் கரைந்திருந்தது. நடையைத் தள்ளாட வைக்கும் மரபு நோயான ஃப்ரீட்ரைக் அட்டாக்சியாவில் ஜிஏஏ என்ற மூன்றெழுத்து நூற்றுக்கணக்கில் பெருகும். அதுவும் புரதத்துக்குக் குறியீடு தராத இன்ட்ரான் பகுதியில். எக்ஸோம் சோதனை அந்தப் பக்கமே போகாது. நீள்வாசிப்பு முழுப் பெருக்கத்தையும் ஒரே இழையில் காட்டும். ஆனால் இந்த நோய்தான் என்று சந்தேகம் வந்துவிட்டால் குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியை மட்டும் நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையே போதும், செலவும் குறைவு. இந்தப் பையனுக்கு அதில்தான் விடை கிடைத்தது. எந்த மரபணு என்றே பிடிபடாதபோதுதான் நான் நீள்வாசிப்பைக் கேட்பேன்.

நோய்க்கூறியலாளர், சேலம்:
பாரஃபின் கட்டியில் வைத்த பழைய புற்றுநோய்த் திசுவை இதற்கு அனுப்பலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். திசுவைப் பதப்படுத்திய ஃபார்மலின் அதிலுள்ள டிஎன்ஏவை முன்பே நொறுக்கியிருக்கும்.

மஞ்சள் மாணவி:
உண்மைதான், ஐயா. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்து வரிசையாக வரும் இடத்தில் நானோபோர் எண்ணிக்கையில் தடுமாறும். பேக்பயோ நிறுவனத்தின் ஹைஃபை என்ற நீள்வாசிப்பு முறை ஒரே துண்டை வட்டமாக்கிப் பலமுறை படிப்பதால் துல்லியம் 99.9 சதவீதத்தை எட்டும். நீளம் பொதுவாக 15,000 முதல் 20,000 எழுத்துதான். எங்கள் மஞ்சளுக்கு இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினோம்.