வேட்பாளர்களுக்கு அரசியலமைப்புத் தேர்வு: சட்டப்படி சாத்தியமா?

காவிரிக்கரை:
கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டுமென்றால் குரூப் 4 எழுத வேண்டும். அதன் பாடத்திட்டத்தில் இந்திய ஆட்சியியலும் உண்டு. சட்டம் இயற்றப் போகிற எம்.எல்.ஏ., எம்.பி.க்கு அப்படி எதுவும் இல்லை. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத்தும் இந்தக் குறையைச் சொல்லி வருந்தினார்: சட்டத்தை நிர்வகிப்பவருக்குத் தகுதி கேட்கிறோம், அதை இயற்றுபவருக்குக் கேட்பதில்லை என்று.

அடிப்படை உரிமைகள், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு, நீதிமன்றத்தின் இடம் இவ்வளவாவது தெரியும் என்று வேட்பாளர் காட்ட வேண்டும் எனச் சட்டம் கொண்டுவர முடியுமா? அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருக்குமா? வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி இதற்குப் போதாதா?

சட்டப்படி:
திருத்தம் தேவையில்லை. அரசியலமைப்பில் நாடாளுமன்றத்துக்கு 84ஆம் பிரிவு, சட்டமன்றத்துக்கு 173ஆம் பிரிவு. குடியுரிமை, உறுதிமொழி, வயது ஆகியவற்றோடு, 'நாடாளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் பிற தகுதிகள்' என்ற வாசலும் இரண்டிலும் திறந்தே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சாதாரணப் பெரும்பான்மையில் சேர்த்தால் போதும். சட்டமன்ற வேட்பாளருக்கான தகுதியையும் நாடாளுமன்றம்தான் விதிக்க முடியும், தமிழக அரசு நினைத்தாலும் முடியாது. ஊராட்சிக்கோ 243எஃப் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றமே தகுதியின்மைகளை வகுக்கலாம்.

ஹரியானா 2015இல் அப்படித்தான் செய்தது. ஊராட்சி வேட்பாளருக்குப் பொதுப்பிரிவில் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. ராஜ்பாலா வழக்கில் அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. எத்தனை பேர் விலக்கப்படுகிறார்கள் என்ற எண்ணிக்கை பொருட்டல்ல என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதல்ல. பள்ளி கட்டித் தராத அரசே பள்ளிச் சான்றிதழ் கேட்பது அநியாயம். ஆனால் இன்று அதுதான் சட்டம். ராஜஸ்தானும் இதே போன்ற விதியைக் கொண்டுவந்து, 2019இல் தானே நீக்கிவிட்டது.

மனுப்பரிசீலனை:
உறுதிமொழியைப் பற்றி. அது அறிவைச் சோதிப்பதே இல்லை, அரசியலமைப்புக்கு விசுவாசத்தை மட்டும் கேட்கிறது. 1963இல் பதினாறாவது திருத்தத்தின் மூலம் வந்தது. அப்போது கண்முன் இருந்தது திமுகவின் திராவிட நாடு கோரிக்கை. மாநிலங்களவையில் அண்ணா இந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். அதே ஆண்டில் கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

நடைமுறையில் வேட்புமனு தள்ளுபடியாகக் காரணமாவது உறுதிமொழி எடுக்கும் நேரம்தான். 'வேட்பாளராக நியமிக்கப்பட்டுள்ள நான்' என்று வாசகம் தொடங்குவதால், மனுவைக் கொடுத்த பிறகுதான் உறுதிமொழி எடுக்க முடியும். பரிசீலனை நாள் பிறப்பதற்கு முன் முடித்தாக வேண்டும். பரிசீலனை அன்று காலையில் வந்து எடுத்தால் செல்லாது என்று பசுபதி நாத் சிங் வழக்கில் (1968) முடிவாகிவிட்டது. கடைசி நாள் மதியம் 3 மணிக்கு மனுத்தாக்கல் முடியும், மறுநாளே பரிசீலனை. ஆகவே மனுவைக் கொடுத்த கையோடு தேர்தல் நடத்தும் அலுவலர் முன் எடுத்துவிட்டு, எழுத்தில் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் முன் எடுக்கலாம்.

நாமக்கல்52:
சட்டப்படி முடியும் என்பதாலேயே தேர்வு வைத்துவிடக் கூடாது. காரணம் தேர்தல் அட்டவணையிலேயே இருக்கிறது.

அறிவிக்கை வந்த ஏழாவது நாள் மனுத்தாக்கல் முடிகிறது, மறுநாள் பரிசீலனை, அதற்கு இரண்டாம் நாள் வரை வாபஸ். தேர்வு வைப்பது, திருத்துவது, விடைக்குறிப்பை வெளியிடுவது, ஆட்சேபம் கேட்பது எல்லாம் இதற்குள் எப்படி நடக்கும்? 'தவறான விடைக்குறிப்பால் தோற்றேன்' என்கிறவர் எங்கே போவார்? தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் தலையிட 329ஆம் பிரிவு தடை போடுகிறது. 1952இல் நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி உச்ச நீதிமன்றம் வரை சென்றும், 'தேர்தல் முடிந்தபின் தேர்தல் வழக்குப் போடுங்கள்' என்ற பதிலே கிடைத்தது. முடிவு வந்து 45 நாளுக்குள் வழக்குப் போட்டு, அது முடிவதற்குள் பதவிக்காலமே ஓடிவிடலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மதிப்பெண் போடுகிறவர் யார் என்பது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 1890இல், வாக்காளர் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்ளவோ, நியாயமான விளக்கம் தரவோ வேண்டும் என்று விதித்தது. எது நியாயமான விளக்கம் என்பது பதிவு அலுவலரின் கையில். கறுப்பின மக்களை வாக்குரிமையிலிருந்து வெளியே நிறுத்தும் கருவி ஆனது அது. லூசியானாவின் இதே போன்ற விதியை 1965இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாக்காளருக்கு நடந்தது வேட்பாளருக்கு நடக்காது என்று எந்த உறுதியும் இல்லை.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து செய்தவற்றை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காவிரிக்கரை:
நாமக்கல் வழக்கு என் கருத்தை மாற்றிவிட்டது. அப்படியானால் ஒன்றுமே கேட்கக் கூடாதா?

சட்டப்படி:
கேட்கலாம், மதிப்பெண் போடாமல். மனுவோடு தரும் படிவம் 26இல் சொத்து, வழக்குகள், கல்வி எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் வருகிற படிவம் அது. தேர்தல் ஆணையத்தைக் கலந்து மத்திய அரசு அறிவிக்கை மூலமே திருத்தலாம்.

அதில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும். நீங்கள் தரும் முதன்மை வாக்குறுதி, மத்திய மாநில அதிகாரங்களைப் பிரித்துச் சொல்லும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் எந்தப் பட்டியலில் வருகிறது? அதை நிறைவேற்ற நீங்கள் போட்டியிடும் அவைக்கு அதிகாரம் உண்டா? அது எந்த அடிப்படை உரிமையைத் தொடுகிறது? ரயில்வே மத்தியப் பட்டியலிலும் காவல்துறை மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. புதிய ரயில் பாதை தருவேன் என்கிற எம்.எல்.ஏ. வேட்பாளரும், காவல் நிலையம் திறப்பேன் என்கிற எம்.பி. வேட்பாளரும் இந்த இடத்தில் நின்று யோசித்தாக வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதட்டும்.

விடை தப்பென்று மனுவைத் தள்ளக் கூடாது, அதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். காலியாக விட்டால் மட்டும், நிரப்பச் சொல்லி நினைவூட்டிய பிறகு நிராகரிக்கலாம். 2013இல் ரிசர்ஜென்ஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் படிவத்தின் பிற கட்டங்களுக்குச் சொன்ன வழி இதுதான். சொத்து விவரம் போலவே விடைகளும் ஆணையத்தின் தளத்தில் வெளியாகும். அதைப் படித்து மதிப்பிடுவது வாக்காளரின் வேலை.