அப்டேட்: மண்ணுக்குள்ள போன நண்டு வெளிய வந்துருச்சு

போன மாசம் இங்க புலம்பிருந்தேன்ல, புதுசா வாங்குன ரெண்டு ஹெர்மிட் க்ராப்ல (காலிச் சங்குக்குள்ள குடியிருக்குற நண்டு) பெருசு சாப்பிடாம தண்ணித் தட்டுலயே கெடந்து நாலாம் நாள் மண்ணுக்குள்ள பொதஞ்சிருச்சுன்னு. "செத்துருக்கும்டா, தோண்டித் தூக்கிப் போடு"ன்னு அப்பத்தா தெனம் சொன்னாங்க, நானும் கரண்டிய எடுத்துட்டேன், ஆனா செத்தா வர்ற அழுகுன மீன் வாடை கொஞ்சங்கூட வரல, அதனால விட்டுட்டேன். நல்லவேளை! அது தோல் உரிக்கத்தான் போயிருக்கு, அந்த நேரத்துல ஒடம்பு மெத்துனு இருக்கும், தோண்டுனா செத்தே போயிரலாம்.

38வது நாள் ராத்திரி கரண்ட் போன நேரம் டார்ச் அடிச்சுப் பாத்தா ஓரத்துல உக்காந்திருக்கு. கால் நுனியெல்லாம் புதுசா, கூரா. உரிச்ச தோலத் தேடுனேன், காணோம், கால்சியத்துக்காக அதையே தின்னு தீத்துருச்சு போல.

சின்னது சோம்பிக் கெடந்தது வேற கதை, அது என் தப்பு. காரைக்குடி வெயில்ல தொட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டு வச்சிருந்தேன், ஈரப்பதம் 50%தான் காட்டுச்சு. இதுக செவுள்லதான் மூச்சு விடுது, காத்துல ஈரம் இல்லன்னா திணறும். கண்ணாடி மூடிக்கு மாத்தி 80%க்குக் கொண்டு வந்ததுலருந்து, உள்ள போட்ட ஆத்தங்குடி கல்லுத் துண்டு மேல ராப்பூரா ஏறி எறங்கி ஒரே கடகட சத்தம். இப்ப அப்பத்தாவுக்குத்தான் தூக்கம் இல்ல.