டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டியாச்சு, இனி அப்பீல் போக முடியுமா?

கோரையாறு:
மச்சான் மன்னார்குடி பக்கம் நெல் லோடு வண்டி ஓட்டுறார். திருவிழா முடிஞ்சு பைக்ல வரும்போது ஊதச் சொல்லி கேஸ் போட்டுட்டாங்க. கோர்ட்ல "குடிச்சிட்டுத்தானே ஓட்டினே"ன்னு கேட்டதுக்குத் தலையை ஆட்டிட்டு, 10,000 ரூபா கட்டிட்டு வந்துட்டார். போன வாரம் ஆர்டிஓ ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ், லைசென்ஸை ஏன் சஸ்பெண்ட் பண்ணக் கூடாதுன்னு. கொள்முதல் நேரம் வேற. அப்பீல் நிக்குமா?

வெண்ணாறு:
குடிச்சிட்டு ஓட்டினவருக்கு என்ன அப்பீலுங்க? கட்டினதோட விடுங்க.

குமாஸ்தா:
அப்படிச் சொல்லாதீங்க, பொழப்பு லைசென்ஸ்ல இருக்கு.

தம்பி, ஃபைன் கட்டினது தடையில்ல. தலையாட்டினதுதான் தடை. குற்றத்தை ஒத்துக்கிட்டா, தண்டனை அதிகம், சட்டப்படி செல்லாதுன்னு மட்டும்தான் செஷன்ஸ் கோர்ட்ல அப்பீல் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 416). மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுல முதல் தடவைக்கு 6 மாசம் ஜெயில் வரைக்கும், இல்ல 10,000 ஃபைன், இல்ல ரெண்டும். அதனால தொகையைக் குறை சொல்ல முடியாது. ஆனா ஒத்துக்கிட்டதை, கூடுமானவரை அவர் சொன்ன வார்த்தையிலயே மாஜிஸ்திரேட் பதிவு பண்ணணும். வாயே திறக்காத ஆளுக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கணும். அது கோளாறா இருந்தா, கீழ்கோர்ட் செஞ்சது சட்டப்படி சரியான்னு மேல்கோர்ட்டைப் பாக்கச் சொல்லி சீராய்வு மனு போடலாம்.

முதல்ல நகல் மனு போட்டு தீர்ப்போட சான்றிட்ட நகல் வாங்குங்க. அப்பீலுக்கு 30 நாள், சீராய்வுக்கு 90 நாள். நகல் கிடைக்க ஆகுற நாளைக் கணக்குல கழிச்சுடுவாங்க. சீராய்வை திருவாரூர் செஷன்ஸ்லயோ ஹைகோர்ட்லயோ ஒரு இடத்துலதான் போடலாம். அங்க தோத்தா இங்கன்னு மாத்த முடியாது. ஹைகோர்ட்னா உங்களுக்கு சென்னை, தஞ்சாவூர்க்காரங்களுக்குத்தான் மதுரை.

ஊதின சீட்டு இருக்கா?

கோரையாறு:
இருக்கு அண்ணே. 48-ன்னு அடிச்சிருக்கு, கீழ அவர் கையெழுத்து.

குமாஸ்தா:
100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் வரம்பு. வாடை அடிச்சதுன்னு டாக்டர் எழுதின சர்டிபிகேட் மட்டும்னா சண்டை போடலாம். சீட்டே 48 காட்டும்போது, ஒத்துக்கிட்டதைக் கலைச்சாலும் திரும்ப விசாரணை நடந்து அதே இடத்துக்குத்தான் வரும். வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். நான் வக்கீல் ஆபீஸ்லதான் இருக்கேன், இருந்தாலும் சொல்றேன்.

நோட்டீஸ்ல கவனம் வைங்க. அதே மோட்டார் வாகனச் சட்டம் 19-வது பிரிவுல அவர் தரப்பைக் கேக்காம லைசென்ஸ்ல கை வைக்கக் கூடாது. முதல் கேஸ், ஆக்சிடென்ட் இல்ல, டிரைவர் தொழில்தான் வருமானம்னு கெடுவுக்குள்ள எழுதிக் குடுத்து, பெற்றதுக்கு முத்திரை வாங்குங்க. ஆர்டர் பாதகமா வந்தா, கையில கிடைச்ச நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள அதுக்குத் தனி அப்பீல் இருக்கு. காசு இல்லேன்னா கோர்ட் வளாகத்துலயே வட்ட சட்டப் பணிகள் குழு, இல்லேன்னா 15100-ன்னு சட்ட உதவி போன் நம்பர்.

கோரையாறு:
நோட்டீஸ்ல இன்னும் நாலு நாள் இருக்கு. நாளைக்கே பதில் குடுத்துடுறோம் அண்ணே. நகல் மனுவும் சும்மா போட்டு வைக்கிறோம்.