கைத்தறித் துணியில் சாயம் நிற்கவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

போன சனிக்கிழமை தோழிகள் நால்வர் விடியற்காலையே திருகோணமலையிலிருந்து வான் பிடித்து, கிண்ணியாப் பாலம் தாண்டி, மருதமுனைக்குப் போய்க் கைத்தறித் துணி வாங்கி வந்தோம். எனக்கு 3 மீற்றர் கருஞ்சிவப்புப் பருத்தி, மகளின் சட்டைக்கு. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் வெள்ளை. சிக்கலே அங்கேதான்.

சுருங்குவது வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும் என்று வாளியில் நனைத்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் பீட்ரூட் அவித்ததுபோல் ஆகிவிட்டது. உப்பு போட்டேன், மறுநாள் வினாகிரி விட்டேன், பலனில்லை. உப்பு சாயம் தோய்க்கும்போதுதான் உதவுமாம், பிறகு இல்லையாம். நேற்று ஐந்தாவது முறை அலசியும், ஈரத்துணிமேல் வெள்ளைத் துண்டை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் இளஞ்சிவப்பு ஒட்டுகிறது. அதே கடையில் தோழி வாங்கிய பச்சைத் துணி ஒரு சொட்டுச் சாயம் விடவில்லை, அதுதான் எரிச்சல். கடைக்காரரைக் கேட்டால், "இரண்டு தடவை கழுவினால் நின்றுவிடும்" என்கிறார்.

நான் இருப்பது உப்புவெளி. கிணற்று நீர் சற்று உவர். வெந்நீரை மட்டும் இன்னும் தொடவில்லை. மகளின் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கிறது, துணியை வெட்டவில்லை.

கொதிநீரில் சவர்க்காரத்தூள் போட்டு ஊறவைத்தால் மிச்சச் சாயம் கழன்று வெள்ளைக் கழுத்துப்பட்டி தப்புமா?