ஃப்ரீசரில் பனி, கேஸ் போட வேண்டுமா? (அவசரம்)

ஈசூன்_மீனா | செவ்வாய், இரவு 9.42
ஃப்ரீசர் முழுக்கப் பனி. சுரண்டி எடுத்தாலும் இரண்டே நாளில் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது கீழ் டிராயரையும் இழுக்க முடியவில்லை. வந்து பார்த்தவர் ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் கேஸ் குறைந்துவிட்டது, திரும்பப் போட வேண்டும், 220 வெள்ளி ஆகும் என்கிறார். சனிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து, தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக்குச் சொல்லியாகிவிட்டது. கேஸ் போடலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

உட்லண்ட்ஸ்_செல்வம் | 9.50
எந்த மாடல்? எத்தனை வருடம்? தானாக ஐஸ் கரைக்கும் வகையா, நாமே நிறுத்திக் கரைக்க வேண்டியதா?

ஹவ்காங்_ஜெயா | 9.58
சூடு ஆறாமல் குழம்பு, சாதம் வைக்கிறீர்களா? எங்கள் வீட்டில் மாமியார் அப்படித்தான் வைப்பார், அவ்வளவும் பனியாகிவிடும். அதை நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

மூத்த_உறுப்பினர் | 10.05
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. மாடல் சொல்லாமல் மருந்து கேட்டால் யார் சொல்வது? தெர்மோஸ்டாட் போயிருக்கும், மாற்றுங்கள். இருபது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

பழுதுபார்ப்பவன் | 10.21
மீனா, இரண்டே கேள்வி. ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கிறதா, இளகியிருக்கிறதா? நீங்கள் பனி என்பது ஊதினால் பறக்கும் பஞ்சா, தட்டினால் ‘டொக்’ என்கிற கண்ணாடியா?

ஈசூன்_மீனா | 10.40
ஐஸ்கிரீம் கல்தான். பனி இரண்டும் இருக்கிறது. மேலே பட்டாணிப் பைமேல் வெள்ளையாகப் பஞ்சு, ஊதினேன், பறந்தது. கதவுப் பக்கம்தான் அதிகம். கீழே டிராயருக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு, உள்ளே ஒரு கறிவேப்பிலைகூடத் தெரிகிறது. தானாகக் கரைக்கும் வகைதான், ஆறு வருடம்.

மூத்த_உறுப்பினர் | 10.46
பஞ்சோ கண்ணாடியோ, எல்லாம் உறைந்த தண்ணீர்தான். வீண் ஆராய்ச்சி.

பழுதுபார்ப்பவன் | 11.03
பொருள் ஒன்றுதான் அண்ணே, வந்த வழி வேறு. அந்த வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பஞ்சு, காற்றிலுள்ள ஈரப்பதம் தண்ணீராகாமலே நேரே படிகமாகப் படிந்தது. வானத்தில் மேகத்துக்குள் வெண்பனி வளர்வதும் இப்படித்தான். படிகங்களுக்கு நடுவே நிறையக் காற்று, ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, அதனால்தான் வெள்ளை. தகடு, முதலில் தண்ணீராக ஓடிப் பிறகு உறைந்தது. மெல்லிய படலமாக ஓடி, அடுக்கடுக்காக உறைவதால் இலை தெரியும் அளவுக்குத் தெளிவு.

ஆகவே மீனா வீட்டில் இரண்டு கோளாறு. கதவுப் பக்கம் பஞ்சு என்றால் வெளிக்காற்று நுழைகிறது, கதவு ரப்பரைப் பாருங்கள். நம் சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், சின்னச் சந்து போதும். அடியில் தகடு என்றால் கரைந்த தண்ணீர் வெளியே போகும் துளை அடைத்திருக்கிறது. உள்ளே பனி அதிகமானால் கரையும் தண்ணீரும் அதிகம், துளை சீக்கிரம் அடைக்கும். கேஸ் குறைந்திருந்தால் ஐஸ்கிரீம் கல்லாக இருக்காது.

ஓய்வுபெற்ற_ஆசிரியை | 11.15
குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘பனி’ முதலில் இரவில் இறங்கும் குளிர்ந்த ஈரம். “மார்கழிப் பனியில் நிற்காதே” என்றால் யாரும் இமயமலையை நினைப்பதில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லை வெள்ளையாக்குவது உறைபனி. மீனாவின் பட்டாணிப் பைமேல் இருப்பதும் அதுதான்.

கிளமெண்டி_ரவி | 11.22
ஆசிரியை சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. பேச்சில் பனி என்றால் ஸ்னோ. 2013-இல் புகைமூட்டம் இருந்த ஜூன் மாதம் எங்கள் பக்கம் வானத்திலிருந்தே பனி கொட்டியது, கார் மேலெல்லாம் படபடவென்று சத்தம். நான் கையில் அள்ளினேன்!

ஓய்வுபெற்ற_ஆசிரியை | 11.30
தம்பி, அது ஆலங்கட்டி. வெண்பனி விழுந்தால் சத்தமே கேட்காது.

பழுதுபார்ப்பவன் | 11.34
ஆசிரியை சொல்வது சரி. ஜூன் 25 அது. இடிமேகத்துக்குள் உறையும் நிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத துளிகள், ஒரு சிறு கட்டியில் மோதி உறைந்து உறைந்து பெரிதாகும். அதுவும் தண்ணீரிலிருந்து வந்தது, மீனாவின் தகட்டுக்கு உறவு. ரவி அள்ளியது பனி அல்ல, ஐஸ்.

ஹவ்காங்_ஜெயா | 11.39
அப்படியென்றால் ஐஸ் கச்சாங்?

பழுதுபார்ப்பவன் | 11.41
ஐஸ்தான். கட்டியாக உறைந்ததைச் சீவியது. இடையில் காற்று இருப்பதால் பனி மாதிரி வெள்ளை, வாயில் வைத்தால் மெத்து. புதிதாக விழுந்த வெண்பனியிலும் பெரும்பகுதி காற்றுதான்.

மூத்த_உறுப்பினர் | 11.48
ஃப்ரிட்ஜ் கேட்டவர் தூங்கப் போயிருப்பார். நீங்கள் ஐஸ் கச்சாங் பேசுங்கள். தெர்மோஸ்டாட்!

பழுதுபார்ப்பவன் | 11.56
மீனா, காலையில் செய்ய வேண்டியது: கதவிடுக்கில் இரண்டு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுங்கள், நாலு பக்கமும். எங்கே பிடிப்பில்லாமல் நழுவி வருகிறதோ அங்கே ரப்பர் தளர்ந்திருக்கிறது. வெந்நீர்த் துணியால் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அழுக்குதான். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், அடியில் துண்டு விரியுங்கள். கத்தியால் மட்டும் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையானால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போட வேண்டிவரும். எல்லாம் கரைந்த பிறகு ஃப்ரீசருக்குள் இருக்கும் பின் பலகையைக் கழற்றி, துளையில் ஊசியில்லாச் சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள்.

ஈசூன்_மீனா | வியாழன், இரவு 8.10
அண்ணே, நோட்டு கீல் பக்கம் கீழ் மூலையில் நழுவியது, அங்கே மாவு அப்பியிருந்தது. துளையில் கறிவேப்பிலைக் காம்பு, சிரிஞ்ச் தண்ணீர் விட்டதும் ‘களக்’ என்று இறங்கியது. நேற்றிலிருந்து பஞ்சும் இல்லை, தகடும் இல்லை. கறி நாளை வருகிறது, போகிறேன். நன்றி.

உட்லண்ட்ஸ்_செல்வம் | 8.25
கடைசி வரை மாடல் சொல்லவே இல்லையே?